பிடி தளர்ந்தது! 59,750 ரூபாய் மருந்து பயனற்றுப் போனது எப்படி?

2021-ம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை இந்தியாவை உலுக்கிக் கொண்டிருந்தது.

அந்த மாதத்தில் ஒரு புதிய மருந்து இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இரண்டு எதிர்ப்புப் புரதங்களைச் சேர்த்துச் செய்த மருந்து அது. ஒருவருக்கு ஒரு முறை கொடுக்க ஆகும் விலை 59,750 ரூபாய்!

அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப்புக்கு 2020-ம் ஆண்டு அக்டோபரில் கொரோனா வந்தபோது கொடுக்கப்பட்டதும் இந்த ஜோடி மருந்துதான். "ஜனாதிபதியைக் காப்பாற்றிய மருந்து" என்று அது பெயர் வாங்கியது. அவ்வளவு பணத்தைப் புரட்ட முடியாத குடும்பங்கள் ஏக்கத்தோடு பார்த்தன.

எட்டு மாதங்கள் கழிந்தன.

2022-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஓர் உத்தரவு போட்டது. "ஒமிக்ரான் வகைக் கொரோனாவுக்கு இந்த மருந்து பலன் தராது. அது பரவி இருக்கும் இடங்களில் இதைக் கொடுக்க வேண்டாம்" என்பது அதன் சாரம். அப்போது அமெரிக்கா முழுவதும் ஒமிக்ரான்தான் பரவி இருந்தது!

மருந்து கெட்டுப் போகவில்லை. அது போலி மருந்தும் அல்ல. மே மாதத்தில் எப்படி இருந்ததோ, ஜனவரியிலும் அப்படியேதான் இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று?

"பிடி" தளர்ந்து விட்டது!

என்ன பிடி?

மனித உடம்பில் நடப்பதெல்லாம் பிடிப்பதும் விடுவதும்தான். சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்தில் இருந்து தசைக்குள் அனுப்ப, இன்சுலின் என்ற பொருள் தசையின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடிக்க வேண்டும். மூச்சில் வரும் பிராணவாயுவை ரத்தத்தின் சிவப்புப் பொருள் பிடிக்க வேண்டும். பிடித்ததை உரிய இடத்தில் விடவும் வேண்டும்.

நோயும் இப்படித்தான் வருகிறது. கொரோனா வைரசின் மேல் முள் முள்ளாகப் புரதங்கள் நீட்டிக் கொண்டிருக்கின்றன. அந்த முள், மனித உயிரணுவின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக் கொள்கிறது. பிடித்த பிறகுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது.

அந்த 59,750 ரூபாய் மருந்து என்ன செய்தது? வைரசின் முள்ளை முதலில் தான் போய்ப் பிடித்துக் கொண்டது. திருடன் கையில் விலங்கு மாட்டியது போல! முள் சிக்கிக் கொண்டதால் உயிரணுவைத் தொட முடியவில்லை.

2021-ம் ஆண்டு நவம்பரில் ஒமிக்ரான் தலை காட்டியது. அதன் முள்ளில் 30-க்கு மேற்பட்ட இடங்களில் மாறுதல் ஏற்பட்டிருந்தது. உயிரணுவைப் பிடிக்கும் பகுதியில் மட்டும் 15 மாறுதல்கள். திருடனின் மணிக்கட்டு உருமாறி விட்டது. விலங்கு நழுவி விட்டது!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நோயாளிகள் மாண்ட பிறகா? இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில், ஒரு சில வாரங்களில் கண்டுபிடித்தார்கள். முள்ளையும் மருந்தையும் சேர்த்து, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளந்தார்கள். உயிருள்ள அணுக்களை மருந்து காக்கிறதா என்றும் சோதித்தார்கள். இரண்டு சோதனையிலும் மருந்து தோற்றது.

கண்ணுக்குத் தெரியாத பொருளின் பிடியை அளப்பதா? அது எப்படி முடியும்?

துடைப்பம் வைத்த அறையில் தொடங்கிய கதை

இதன் கதை அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தொடங்குகிறது. அங்கே பிராங்ஸ் என்ற பகுதியில், பழைய ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது.

1947-ம் ஆண்டு ரோசலின் யாலோ என்ற பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் டாக்டர் அல்ல, பவுதிகம் படித்தவர். அவர் ஆராய்ச்சிக் கூடம் அமைக்கக் கிடைத்த இடம், துப்புரவுத் தொழிலாளி துடைப்பமும் வாளியும் வைக்கும் சிறிய அறை!

1950-ம் ஆண்டில் சாலமன் பெர்சன் என்ற டாக்டர் அவரோடு சேர்ந்தார். இரண்டு பேரும் சர்க்கரை வியாதியை ஆராய்ந்தார்கள்.

இன்சுலினில் கதிர்வீச்சு உள்ள அயோடினைச் சேர்த்தார்கள். அப்படிச் செய்தால், இன்சுலின் எங்கே போகிறது என்று கருவி மூலம் பின்தொடரலாம். மாட்டின் கழுத்தில் மணி கட்டுவது போல!

அந்த இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டு வந்தவர்களின் ரத்தத்தை விட்டு, அது மெதுவாகவே மறைந்தது. ஊசியே போடாதவர்களின் ரத்தத்தில் சீக்கிரம் மறைந்தது.

காரணம் என்ன? ஊசி போட்டு வந்தவர்களின் ரத்தத்தில் ஏதோ ஒன்று இன்சுலினைப் பிடித்து வைத்திருந்தது. அது எதிர்ப்புப் புரதம் என்று இருவரும் சொன்னார்கள்.

அக்காலத்து நிபுணர்கள் இதை நம்பவில்லை. "இன்சுலின் மிகச் சிறிய பொருள். அதற்கு எதிராக உடம்பு எதிர்ப்புப் புரதம் செய்யாது" என்றார்கள். அவர்களின் கட்டுரையைப் பத்திரிகைகள் ஏற்க மறுத்தன. "எதிர்ப்புப் புரதம்" என்ற சொல்லைத் தலைப்பில் இருந்து எடுத்த பிறகே, 1956-ம் ஆண்டில் கட்டுரை வெளிவந்தது.

நோபல் பரிசு

இருவரும் சோர்ந்து போகவில்லை. அந்தப் பிடியையே ஓர் அளவுகோலாக மாற்றினார்கள்.

அவர்களின் யுக்தி இதுதான். ஒரு குழாயில் எதிர்ப்புப் புரதத்தை எடுத்துக் கொள்ள வேண்டும். அதில் மணி கட்டிய இன்சுலினைக் கொஞ்சம் விட வேண்டும். பிறகு நோயாளியின் ரத்தத்தில் ஒரு சொட்டு.

ரத்தத்தில் உள்ள இன்சுலினுக்கு மணி இல்லை. ஆனால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருந்தால், மணி கட்டியது வெளியே தள்ளப்படும். எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ணினால், ரத்தத்தில் எவ்வளவு இன்சுலின் இருந்தது என்று தெரிந்து விடும்!

வெறும் வயிற்றில் இருக்கும் மனிதனின் ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள இன்சுலினின் எடை, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் அளக்க வழி பிறந்தது.

இந்த முறையால் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. தானம் கொடுத்த ரத்தத்தில் மஞ்சள் காமாலை வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க முடிந்தது. பிறந்த குழந்தைக்குத் தைராய்டு குறை இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிந்து, மூளை வளர்ச்சி குன்றாமல் காப்பாற்ற முடிந்தது.

இருவரும் நினைத்திருந்தால் கோடிகளைக் குவித்திருக்கலாம். ஆனால் தங்கள் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பட்டயம் வாங்கவில்லை. உலகம் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று விட்டு விட்டார்கள்.

1972-ம் ஆண்டில் பெர்சன் காலமானார். 1977-ம் ஆண்டில் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. தன் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பெர்சனின் பெயரைச் சூட்டி இருந்தார் யாலோ. தன் நோபல் உரையில், அன்று தங்கள் கட்டுரையை மறுத்து வந்த கடிதத்தையும் உலகத்துக்குக் காட்டினார்!

தங்கத் தகட்டின் மேல் நடக்கும் அதிசயம்

கதிர்வீச்சுப் பொருளைக் கையாள்வது ஆபத்து. 1971-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் மணிக்குப் பதிலாக நிறத்தைக் கட்டினார்கள். பிடி விழுந்த இடத்தில் நிறம் தோன்றும். "எலிசா" சோதனை என்று இன்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது இதைத்தான்.

அதே சுவீடனில் 1990-ம் ஆண்டில் இன்னொரு கருவி விற்பனைக்கு வந்தது. அதில் கண்ணாடியின் மேல் தங்க முலாம் பூசி இருப்பார்கள். முலாமின் கனம், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

தங்கத்தின் மேல் ஒரு பொருளை ஒட்டி வைப்பார்கள். உதாரணமாக, வைரசின் முள். அதன் மேல் மருந்துத் தண்ணீரை ஓட விடுவார்கள். தங்கத்தின் அடியில் இருந்து ஒளியைப் பாய்ச்சுவார்கள்.

மருந்து முள்ளைப் பிடித்தவுடன் தங்கத்தின் மேல் பாரம் ஏறும். உடனே, திரும்பி வரும் ஒளி மங்கும் கோணம் சிறிது மாறும். பிறகு வெறும் தண்ணீரை ஓட விடுவார்கள். பிடி மெல்ல மெல்ல விடும். கோணம் பழையபடி திரும்பும்.

எவ்வளவு வேகமாகப் பிடித்தது? எவ்வளவு நேரம் பிடித்திருந்தது? இரண்டையும் கண் முன்னால் கோடாக வரைந்து காட்டி விடும் இந்தக் கருவி!

கண்ணாடி இழையின் நுனியைத் தோய்த்து அளப்பது மற்றொரு முறை. பிடிக்கும்போது பிறக்கும் சூட்டை அளப்பது இன்னொரு முறை. வழிகள் பல, கேள்வி ஒன்றுதான். பிடி எவ்வளவு இறுக்கம்?

நாற்காலிக் கணக்கு

இறுக்கத்தை எப்படி எண்ணால் சொல்வது?

ஒரு கல்யாண மண்டபத்தில் 100 நாற்காலிகள் இருப்பதாக வைத்துக் கொள்ளலாம். மண்டபத்தில் நடமாடும் கூட்டம் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறது. எப்போது பார்த்தாலும் 50 நாற்காலிகள் நிரம்பி இருக்க வேண்டுமானால், மண்டபத்தில் எவ்வளவு கூட்டம் நடமாட வேண்டும்?

உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத நாற்காலி என்றால், சிறு கூட்டமே போதும். முள்ளுக் குத்தும் நாற்காலி என்றால், பெருங்கூட்டம் வேண்டும்.

பாதி இடம் நிரம்பத் தேவையான அந்தக் கூட்டத்தின் அளவுதான் பிடிப்பு எண். எண் சிறியது என்றால் பிடி பெரியது. எண் பெரியது என்றால் பிடி சிறியது. இதைத் தலைகீழாகப் புரிந்து கொண்டு தடுமாறுகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு!

இந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் உயிர் விஷயம். மூடிய அறையில் கரி அடுப்பு எரித்துத் தூங்கியவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்திகள் குளிர்காலத்தில் வருவது உண்டு. காரணம், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. ரத்தத்தின் சிவப்புப் பொருளை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கிறது.

காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. நச்சு வாயு ஆயிரத்துக்கு ஒரு பங்கு இருந்தாலே போதும். நேரம் ஆக ஆக, ரத்தத்தில் பாதி இடத்தை அது பிடித்துக் கொண்டு விடும்! அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் டாக்டர்கள் அப்படிப்பட்டவர்களுக்குச் சுத்தமான பிராணவாயுவைக் கொடுக்கிறார்கள். கூட்டத்தை அதிகமாக்கி, நச்சு வாயுவை நாற்காலியில் இருந்து கிளப்புகிற வேலை அது.

ஓர் எண் செய்த கலவரம்

அளவு என்று ஒன்று சொன்னால் உலகம் நம்பி விடுகிறது. ஆனால் அளந்தது சரிதானா?

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் புதிய கொரோனாவின் முள்ளைத் தங்கத் தகட்டு முறையில் அளந்தார்கள். 2003-ம் ஆண்டில் சார்ஸ் நோயைப் பரப்பிய பழைய வைரசைவிட, இது 10 முதல் 20 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அறிவித்தார்கள். "நோய் இவ்வளவு வேகமாகப் பரவுவது இதனால்தானோ?" என்று உலகமே பேசியது.

அடுத்த மாதமே, சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தார் தங்கள் அளவை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது கண்ணாடி இழை முறை. அவர்கள் கணக்கில் வித்தியாசம் ஏறக்குறைய 4 மடங்குதான்!

யார் பொய் சொன்னார்கள்? யாருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் முழு முள்ளை எடுத்தார். மற்றவர் முள்ளின் ஒரு பகுதியை எடுத்தார். கருவியும் வேறு. "புதிய வைரசின் பிடி இறுக்கமானது" என்பதில் இருவரும் ஒன்றே சொன்னார்கள். எத்தனை மடங்கு என்பதில்தான் வேற்றுமை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நோய் பரவுவதற்குப் பிடி மட்டும் காரணம் அல்ல. கொரோனா, காய்ச்சல் வரும் முன்பே பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றியது. சார்சில் அப்படி அதிகம் நடக்கவில்லை. ஓர் எண்ணை வைத்துக் கொண்டு முழுக் கதையையும் சொல்லி விட முடியாது என்பதற்கு இது சாட்சி.

தராசு முள் நிற்கும் முன்பே!

இதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்றும் 2020-ம் ஆண்டிலேயே வெளிவந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், பிடிப்பு அளவுகளை வெளியிட்ட 100 ஆராய்ச்சிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில், அளவு சரிதானா என்று நிச்சயப்படுத்தும் அவசியமான சோதனைகள் குறிப்பிடப்படவே இல்லை! சில எண்கள் தவறு என்றே தெரிந்தது.

அவர்கள் சுட்டிக் காட்டிய குறைகள் இரண்டு.

முதல் குறை, அவசரம். மளிகைக் கடையில் தராசு முள் ஆடிக் கொண்டிருக்கும்போதே எடையைச் சொன்னால் யாராவது ஒப்புக் கொள்வார்களா? பிடிப்பு அளவும் அப்படித்தான். பிடிப்பதும் விடுவதும் சமநிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, பிடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். சில ஜோடிகளுக்கு ஒரு நிமிஷம் போதும். சில ஜோடிகளுக்குப் பல மணி நேரம் ஆகும்.

பச்சை முட்டையின் வெள்ளைக் கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்தால் நாட்கணக்கில் விடாது! முட்டையை வேக வைத்தால்தான் அந்தப் புரதம் கெட்டு, தன் பிடிக்கும் சக்தியை இழக்கும். இப்படிப்பட்ட ஜோடியை அரை மணி நேரத்தில் அளந்தேன் என்றால் அது அளவே அல்ல.

இரண்டாவது குறை, நாற்காலியை அளவுக்கு மீறிப் போட்டு விடுவது. நாற்காலிகள் ஏராளமாகக் கிடந்து, உட்காரும் ஆசையும் மிகுதியாக இருந்தால், வருகிற ஒவ்வொருவரும் உட்கார்ந்து விடுவார்கள். பாதி நிரம்பியபோது வந்தவர்களை எண்ணினால், தெரிவது நாற்காலியின் எண்ணிக்கைதான். ஆசையின் அளவு தெரியாது! சோதனைக் குழாயில் பொருளை மிகுதியாகப் போட்டு விட்டுப் பிடியை அளந்ததாக நினைப்பதும் இதே தவறுதான்.

இரண்டுக்கும் பரிகாரம் சுலபம். கொஞ்ச நேரம் காத்து ஒரு முறை, நெடுநேரம் காத்து ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். நாற்காலியைக் குறைத்து ஒரு முறை, கூட்டி ஒரு முறை அளக்க வேண்டும். விடை மாறாமல் இருந்தால் அதை நம்பலாம். மாறினால் நம்பக் கூடாது. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். பொறுமை ஒன்றே போதும்.

கம்ப்யூட்டர் சொன்னால் போதுமா?

2024-ம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் என்ற மூவருக்குக் கிடைத்தது. பேக்கர் கம்ப்யூட்டரின் துணையால் இயற்கையில் இல்லாத புரதங்களை வடிவமைத்தவர். மற்ற இருவரும் புரதத்தின் உருவத்தைக் கம்ப்யூட்டரே கணித்துச் சொல்லும்படி செய்தவர்கள். எந்தப் பொருள் எந்தப் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று ஊகிக்கவும் இப்போது கம்ப்யூட்டர் பயன்படுகிறது.

இனி ஆராய்ச்சிக் கூடம் வேண்டாமா? அதுதான் இல்லை!

செருப்பு காலில் பொருந்துகிறது என்பது வேறு. நடக்கும்போது கழன்று விழாமல் இருக்கிறதா என்பது வேறு. பொருத்தத்தைக் கம்ப்யூட்டர் சொல்லலாம். பிடியைச் சோதனைக் குழாயில்தான் நிச்சயிக்க வேண்டும்.

மேலும், பிடியை ஊகிக்கக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித் தருவது எது? ஆராய்ச்சிக் கூடங்கள் அளந்து எழுதி வைத்த எண்கள்தான். அந்த எண்களில் பிழை இருந்தால், கம்ப்யூட்டரும் பிழையையே கற்கும். ஆசிரியர் தப்பாகச் சொன்ன வாய்ப்பாட்டை மாணவன் மனப்பாடம் செய்தது போல் ஆகும்!

மக்களுக்கு என்ன?

இது விஞ்ஞானிகளின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கி விட முடியாது.

கர்ப்பமா என்று பார்க்கும் பட்டையில் தோன்றும் கோடு ஒரு பிடிதான். கொரோனா காலத்தில் 250 ரூபாய்க்கு விற்ற வீட்டுச் சோதனைப் பெட்டியில் தெரிந்த கோடும் ஒரு பிடிதான். புற்றுநோய்க்கு இன்று கொடுக்கும் விலை உயர்ந்த எதிர்ப்புப் புரத மருந்துகள் வேலை செய்வதும் பிடியினால்தான். எங்கோ ஒரு மேஜையில் ஒருவர் அவசரப்பட்டு எழுதிய எண், எங்கோ ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்து விடலாம். பொறுமையாக எடுத்த எண் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

59,750 ரூபாய் மருந்தின் கதையில் இரண்டு பாடங்களும் இருக்கின்றன. நேற்று நன்றாகப் பிடித்தது என்பதால் இன்றும் பிடிக்கும் என்று இருந்து விடக் கூடாது. வைரஸ் மாறிக் கொண்டே இருக்கிறது. அதே சமயம், ஒமிக்ரான் வந்த சில வாரங்களிலேயே பிடி தளர்ந்ததை அளந்து சொல்ல ஆட்களும் கருவிகளும் தயாராக இருந்ததால், பலன் தராத மருந்தை மேலும் மேலும் ஏற்றுவது நின்றது.

"10 மடங்கு வலிமையான மருந்து!" என்று இனி ஒரு செய்தி வந்தால், படிக்கிறவர்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். எதைவிட 10 மடங்கு? எந்த முறையில் அளந்தார்கள்? வேறொருவர் அளந்தபோதும் அதே எண் வந்ததா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் மகிழ்ச்சி அடையலாம். இல்லாவிட்டால், தராசு முள் நிற்கும் வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்!